அம்மையும் சொட்டு மருந்தும்

மாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கும். அன்றிலிருந்து 28 நாள் அம்மனுக்குப் பச்சைப் பட்டினி. அடுப்பில் ஏறிய நைவேத்தியம் எதுவும் கிடையாது. துள்ளுமாவு, பானகம், நீர்மோர், இளநீர், பழம் அவ்வளவுதான். மற்ற ஊர்களில் பக்தர்கள் சாமிக்காக விரதம் இருப்பார்கள், எங்கள் ஊரில் சாமி பிள்ளைகளுக்காக விரதம் இருக்கிறாள் என்று திருச்சிக்காரர்கள் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும். ஆதியில் ஸ்ரீரங்கத்தில் இருந்த வைஷ்ணவிதான் ஆறு கடந்து கண்ணனூருக்கு வந்தாள் என்கிறது தலபுராணம். இன்றும் தைப்பூசத்தன்று கொள்ளிடக் கரையில் அண்ணன் ரங்கநாதரிடமிருந்து அவளுக்குச் சீர்வரிசை வருகிறது.

அந்த விரதம் எந்தப் பருவத்தில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். அறுப்பு முடிந்து, காவிரி மணல் வெளுத்து, வெயில் ஏறத் தொடங்கும் மாசி, பங்குனி. பெரியம்மை இந்த நாட்டில் ஆண்டுதோறும் தலைதூக்கியதும் அந்த வறண்ட மாதங்களில்தான். ஒரு வட்டாரம் முழுவதும் தன் பிள்ளைகளை நினைத்து நடுங்கிய காலமே அதன் திருவிழாக் காலமாகவும் ஆகியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

வீட்டில் ஒரு பிள்ளைக்கு முத்து போட்டால் அதை நோய் என்று சொல்ல மாட்டார்கள்; அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகியதும் வெளியாள் படியேற மாட்டார். வீட்டில் தாளிப்பு இருக்காது. மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடியும்வரை பிள்ளை வெளியே போகாது. நோயாளியை ஒதுக்கி வைக்க வேண்டும், ஆனால் அனாதையாக விட்டுவிடக் கூடாது என்ற இரண்டு தேவைகளையும் அந்த வழக்கம் ஒருசேர நிறைவேற்றியது. அதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவோர், கையில் எந்த மருந்தும் இல்லாமல் பிள்ளையின் அருகில் இரவெல்லாம் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்த தாயின் இடத்தில் தம்மை வைத்துப் பார்க்கவில்லை. ஆனால் வேப்பிலையும் விரதமும் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை. பிழைத்தவர்களில் பலர் பார்வையைப் பறிகொடுத்தார்கள். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெரியம்மைத் தடுப்பூசி இந்தியாவுக்கு 1802ஆம் ஆண்டில் வந்தது. பாக்தாத், பஸ்ரா வழியாக ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றிக் கொண்டுவந்த பசு அம்மைப் பாலை, அந்த ஜூன் மாதம் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்குக் குத்தினார்கள். அங்கிருந்து சென்னை மாகாணத்துக்கும் அது வந்தது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் அம்மைப் பாலைக் கெடாமல் கொண்டுபோக மனித உடம்பே பாத்திரம். ஒரு குழந்தைக்குக் குத்தி, எட்டாம் நாள் வாக்கில் அதன் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவார்கள். நம் மக்கள் அம்மனுக்குப் பயந்து ஊசியை மறுத்தார்கள் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதி வைத்தார்கள். அது பாதி உண்மை. தன் பிள்ளையின் புண்ணை ஓர் அந்நியர் கீறி நீரெடுப்பதை எந்தத் தாய் விரும்புவாள்? சாதி பார்த்த ஊரில் யார் கையிலிருந்து யார் கைக்கு என்ற கேள்வியும் இருந்தது. கன்றுக்குட்டியின் தோலில் அம்மைப் பாலைத் தயாரிக்கும் முறை பரவி, கிண்டியில் 1899இல் கிங் நிலையம் எழுந்த பிறகுதான் இந்தத் தடை தளர்ந்தது. அம்மை குத்துபவர் கிராமம் கிராமமாக நடந்தார். இன்று அறுபது வயதைத் தாண்டிய பெரும்பாலோரின் கையில் அந்த வட்டத் தழும்பு இருக்கிறது.

ஆனாலும் பெரியம்மை போகவில்லை. குத்தியும் ஏன் போகவில்லை என்று கேட்டவர்களில் ஒருவர் ஏ. ஆர். ராவ். சென்னை தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையின் மருத்துவர். அவர் பார்த்து, வகைபிரித்து, குறித்துவைத்த நோயாளிகள் 6,942 பேர். அவர்களில் தடுப்பூசி போடாத 3,544 பேரில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் இறந்தார்கள். முன்பு எப்போதோ குத்திக்கொண்ட 3,398 பேரில் இறந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர் அளவுதான். பெரியம்மையைச் சாதாரண வகை, தணிந்த வகை, தட்டை வகை, ரத்தக்கசிவு வகை என்று அவர் பிரித்த பிரிவையே உலக சுகாதார நிறுவனம் 1972இல் ஏற்றுக்கொண்டது. 254 குடும்பங்களில் நோய் எப்படிப் பரவியது என்றும் அவர் குழு தொடர்ந்து பார்த்தது. பெரியம்மை ஊரையே ஒரே மூச்சில் வாரிக்கொண்டு போவதில்லை, ஒரே கூரையின் கீழ் நெருங்கிப் பழகுவோரிடம்தான் அதிகம் தொற்றுகிறது என்பது அப்படிப்பட்ட கணக்குகளால் உறுதிப்பட்டது. எல்லோருக்கும் குத்தி முடிக்கக் காத்திருக்காமல், நோய் கண்ட வீட்டைத் தேடிப்பிடித்து அதைச் சுற்றி அரண்போலக் குத்தும் முறை வெற்றி பெற்றதற்கு அடிப்படை இதுதான். இந்தியாவின் கடைசி நோயாளி 1975 மே மாதம் அசாமில் கண்டறியப்பட்டார். 1977இல் நாடு பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. தண்டையார்பேட்டையில் ஒரு மருத்துவர் வார்டு வார்டாக நடந்து எழுதிய குறிப்புகள் உலகத்தின் பாடநூலாகின. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

பெரியம்மை போன கையோடு நம் வீடுகளில் பயமும் குறையவில்லை. போலியோ என்ற இளம்பிள்ளை வாதம் இருந்தது. முதல் நாள் காய்ச்சல், மறுநாள் கால் துவண்டுவிடும். ஐந்து வயதுக்குள் வந்து ஆயுள் முழுவதற்குமான ஊனத்தை விட்டுச் சென்ற நோய் அது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்தியாவில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் பிள்ளைகளை முடக்கியிருக்கும் என்பது மதிப்பீடு. அந்தத் தலைமுறையினர் இப்போது ஐம்பதை நெருங்கியோ கடந்தோ இருக்கிறார்கள். காலை இழுத்து நடந்தே படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்தியவர்கள். தடுக்கும் மருந்து அவர்கள் பிறப்பதற்கு முன்பே உலகில் இருந்தது. சால்க்கின் ஊசி 1955இலும், சேபினின் வாய்வழிச் சொட்டு மருந்து அறுபதுகளின் தொடக்கத்திலும் புழக்கத்துக்கு வந்துவிட்டன. இதை அறியும்போது நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் குழந்தை மருத்துவராக இருந்த டி. ஜேக்கப் ஜான், வைரஸ் நோய்களைக் கண்டறியும் ஆய்வகத்தை அங்கே 1967இல் தொடங்கினார். நாட்டில் அத்தகைய முதல் ஆய்வகம் அது. சொட்டு மருந்து மூன்று தவணை குடித்த பிள்ளைகளும் வாதத்தால் முடங்கி வருவதை அவர் பார்த்தார். மேலைநாடுகளில் மூன்று தவணை போதும். இங்கே போதவில்லை. மருந்து வெயிலில் கெட்டிருக்கும் என்பதுதான் எல்லோருக்கும் எளிதாக வந்த பதில். அவர் அந்தப் பதிலோடு நிற்கவில்லை. வீரியம் குறையாத மருந்தைக் கொடுத்து, பிள்ளைகளின் ரத்தத்தை எடுத்து, எதிர்ப்பாற்றல் உண்டாகியிருக்கிறதா என்று சோதித்தார். 1972இல் வெளியான ஆய்வில் முடிவைச் சொன்னார்: ஒன்றாம், மூன்றாம் வகைப் போலியோ வைரஸ்களுக்கு எதிராக நம் பிள்ளைகளில் பலருக்கு மூன்று தவணைக்குப் பிறகும் எதிர்ப்பாற்றல் உண்டாகவில்லை. மருந்து நல்ல மருந்துதான். குழந்தைகளும் நல்ல குழந்தைகள்தான். ஆனால் வெப்ப நாட்டில், நெருக்கடியான குடியிருப்பில், அசுத்தமான நீரைக் குடித்து வளரும் குழந்தையின் குடலில் அந்த மருந்து குளிர் நாட்டுக் குழந்தையின் குடலில் வேலை செய்ததுபோல வேலை செய்யவில்லை. குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் வேறு வைரஸ்கள், அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, ஊட்டக்குறைவு என்று காரணங்களைப் பற்றிய விவாதம் பல பத்தாண்டுகள் நடந்தது.

அப்படியானால் அதிகத் தவணைகள் வேண்டும். அதுவும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நாளில் கொடுத்தால் மருந்திலுள்ள வைரஸ் ஊர் முழுவதும் ஒன்றாகப் பரவி, நோய் தரும் காட்டு வைரஸுக்கு இடமில்லாமல் செய்துவிடும். இதைச் சேபினே சொல்லிவந்தார். கியூபா அறுபதுகளிலும் பிரேசில் 1980இலும் செய்து காட்டின. ஜேக்கப் ஜான் வேலூர் நகரத்தில் அதைச் செய்தார். குறித்த நாளில் முகாம்கள். மாத இடைவெளியில் மீண்டும் மீண்டும். அடுத்த ஆண்டும் அதே. வேலூர் ரோட்டரி சங்கத்தார் தோள் கொடுத்தார்கள். நகரத்தில் இளம்பிள்ளை வாதம் கட்டுக்குள் வந்ததை 1983இல் அவர் குழு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டது.

நாடு முழுவதும் அந்த முறை வருவதற்கு 1995 டிசம்பர் வரை ஆனது. அதற்குப் பிறகு நடந்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலும் ரயில் சந்திப்பிலும் மேசை போட்டு உட்கார்ந்த செவிலியர்கள். இடக்கைச் சுண்டுவிரலில் மை. விடுபட்ட பிள்ளை இருக்கும் வீட்டுக் கதவில் சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி. வேலூரில் தெரிந்துகொண்டதையே வடக்கே மறுபடியும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு தவணை சொட்டு மருந்தின் பலன் 9 சதவீதம்தான் என்றும், நாட்டின் பெரும்பகுதியில் அது 21 சதவீதம் என்றும் 2006இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. உத்தரப் பிரதேசத்தில் பத்துத் தவணைக்கு மேல் குடித்த பிள்ளைகளுக்கும் நோய் வந்தது. 2009இல் உலகின் போலியோ நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர், 741 பிள்ளைகள், இந்தியாவில் இருந்தார்கள். ஒன்றாம் வகைக்கென்றே செய்த மருந்தை 2005இலும், ஒன்றையும் மூன்றையும் சேர்த்த மருந்தை 2010இலும் கொண்டுவந்த பிறகு எண்ணிக்கை சரிந்தது: 2010இல் 42, 2011இல் ஒன்று. மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் 2011 ஜனவரி 13 அன்று முடங்கிய குழந்தைதான் கடைசி. 2014 மார்ச் 27 அன்று போலியோ அற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது.

1972இல் சொன்னதை 2005வரை முழுமையாகக் காதில் வாங்காததற்கு நாடு என்ன விலை கொடுத்தது என்ற கேள்வியை நாம் கேட்டே ஆக வேண்டும். மூன்று தவணை போதும் என்ற வெளிநாட்டுக் கணக்கை நம்பி எத்தனையோ வீடுகள், 'நாங்கள்தான் சொட்டு மருந்து கொடுத்துவிட்டோமே' என்று நிம்மதியாக இருந்து ஏமாந்தன. ஜேக்கப் ஜான் இன்னொன்றையும் பல ஆண்டுகள் விடாமல் சொல்லிவந்தார். சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள வைரஸ். பல லட்சம் தவணைகளுக்கு ஒருமுறை அதுவே ஒரு பிள்ளையை முடக்கிவிடும். ஆகவே செயலிழந்த வைரஸால் செய்த ஊசியும் வேண்டும் என்றார். ஊசிக்குச் செலவு அதிகம் என்ற பதில் வந்தது. முழு ஊசியில் ஐந்தில் ஒரு பங்கைத் தோலுக்குள் போட்டால் போதுமா என்று அவரும் சக ஆய்வாளர்களும் வேலூரில் சோதித்துப் பார்த்து, முடிவை 1991இல் லான்செட் இதழில் எழுதினார்கள். 2015 நவம்பரில் ஊசி தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. அடுத்த ஆண்டே உலகம் முழுவதும் ஊசிக்குத் தட்டுப்பாடு. அப்போது தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் 0.5 மில்லிக்குப் பதில் 0.1 மில்லியைத் தோலுக்குள் போடத் தொடங்கினார்கள். ஆறாம் வாரமும் பதினான்காம் வாரமும் நம் குழந்தைகளின் வலக்கையில் விழும் அந்தச் சிறு ஊசிக்குப் பின்னால் கால் நூற்றாண்டுக்கும் முந்தைய வேலூர்ச் சோதனையும் இருக்கிறது.

ஜேக்கப் ஜானை ஒரு தடுப்பு மருந்தின் பெயரால் மட்டும் நினைவுகூர்வது போதாது. 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகளில் நாட்டின் முதல் எச்ஐவி தொற்றைக் கண்டுபிடித்ததும் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில்தான். எண்பதுகளில் வட ஆற்காடு மாவட்டத்தில் அவர் தொடங்கிய ஓர் ஏற்பாடு, என் பார்வையில், ஆய்வுக் கட்டுரைகள் எல்லாவற்றையும்விடப் பெரியது. அச்சிட்ட அஞ்சலட்டைகளை அரசு மருத்துவர்கள், தனியார் மருத்துவர்கள் எல்லோரிடமும் கொடுத்து வைத்தார். கக்குவான், தொண்டை அடைப்பான், தட்டம்மை, வாதம், மூளைக்காய்ச்சல் என்று எதைக் கண்டாலும் அட்டையில் எழுதித் தபாலில் போட வேண்டும். அட்டைகள் ஓரிடத்தில் சேரும். எந்த ஊரில் எந்த நோய் தலைகாட்டுகிறது என்பது சுகாதாரத் துறைக்கு உடனே தெரியும். மாதந்தோறும் அந்த விவரம் அச்சாகி, அட்டை போட்ட மருத்துவர்களுக்கே திரும்பிப் போகும். தான் எழுதியது வீண் போகவில்லை என்று தெரிந்ததால் மருத்துவர்களும் தொடர்ந்து எழுதினார்கள். ஐம்பது லட்சம் மக்கள் வாழ்ந்த மாவட்டத்துக்கு அஞ்சலட்டை போதுமானதாக இருந்தது.

அதே வேலூரில் அடுத்த தலைமுறையில் ககன்தீப் காங் வந்தார். அவர் எடுத்துக்கொண்டது ரோட்டா வைரஸ். கைக்குழந்தைகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கை உண்டாக்கி, உடம்பின் நீரை வற்றவைத்துச் சாகடிக்கும் கிருமி. ராமநாயக்கன்பாளையம், சின்ன அல்லாபுரம், கஸ்பா ஆகிய இடங்களில், பீடி சுற்றிப் பிழைக்கும் வீடுகள் நிறைந்த தெருக்களில், பிறந்த நாள் முதல் மூன்று வயது வரை 373 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். களப்பணியாளர்கள் வாரத்துக்கு இருமுறை வீட்டுக்குப் போனார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மல மாதிரி எடுத்தார்கள். மெக்சிகோவில் முன்பு நடந்த ஆய்வில், இரண்டு முறை தொற்று வந்துபோன குழந்தைக்குக் கடுமையான நோய் மறுபடி வரவேயில்லை. வேலூரில் மூன்று முறை வந்துபோன பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். 2011இல் வெளியான இந்த முடிவைப் படிக்கும்போது 1972 நினைவுக்கு வராமல் இருக்காது. அதே ஊர், அதே குடல், அதே பாடம். இந்த முறை நாடு அதைக் கேட்டது. தில்லியில் மகராஜ் கிஷன் பான் குழுவினர் எண்பதுகளில் பச்சிளங்குழந்தைகளிடம் கண்டெடுத்த வகையிலிருந்து உருவான ரோட்டாவேக், தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. முதல் ஆண்டில் கடுமையான நோயைத் தடுத்த அளவு 56 சதவீதம். குறைவாகத் தோன்றலாம். ஆனால் நம் பிள்ளைகளிடமே அளந்து பார்த்த எண் அது. அதை வைத்துத் திட்டம் போடலாம். 2016 முதல் அது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. காங் 2019இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் பள்ளிகளில் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் தமிழ்நாடு முழுவதும் பல பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. படித்த மாநிலம் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு அது நேர்ந்தது. அந்தப் பெற்றோர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தட்டம்மையால் இறந்த பிள்ளையை அவர்கள் பார்த்ததில்லை. தடுப்பூசிகள் நன்றாக வேலை செய்துவிட்டதன் விளைவு அது. அவர்களுக்குத் தேவை அதட்டல் அல்ல, கணக்கு. 'நம் மாவட்டத்தில் இத்தனை பிள்ளைகளுக்கு இந்த ஆண்டு இந்த நோய் வந்தது. அவர்களில் ஊசி போட்டவர்கள் இத்தனை, போடாதவர்கள் இத்தனை' என்று ஊர்ப் பெயரோடு யாராவது சொல்ல முடியுமானால் பாதி வதந்தி அன்றே அடங்கிவிடும். தண்டையார்பேட்டையில் ராவ் வைத்திருந்தது அந்தக் கணக்கைத்தான்.

திருச்சிக்கு அது முடியாத காரியமல்ல. மண்ணச்சநல்லூர், லால்குடி, முசிறி, துறையூர் எங்கிருந்தும் காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புத்தூர் அரசு மருத்துவமனைக்கோ தில்லை நகரின் தனியார் மருத்துவமனைகளுக்கோதான் வருகிறார்கள். தொற்றுநோயைக் கண்டால் அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1939இலேயே, நாட்டுக்கே முன்மாதிரியாக, சென்னை மாகாணத்தில் வந்துவிட்டது. ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004 முதல் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளின் தகவல் அதில் ஏறுகிறது. தனியார் மருத்துவர் கண்ட டைபாய்டும் கக்குவானும் பெரும்பாலும் அவர் கோப்போடு நின்றுவிடுகின்றன. அறிவிப்பவருக்கு ஒரு பதில் வரியும் வராததே இதற்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். வட ஆற்காட்டு ஏற்பாடு அதைத்தான் மாற்றியமைத்தது.

மாநகராட்சியும் மாவட்டச் சுகாதாரத் துறையும் ஊரின் மருத்துவர் சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து இதைத் தொடங்கலாம். எடுத்த எடுப்பில் ஐந்து நோய்கள் போதும்: தட்டம்மை, தொண்டை அடைப்பான், கக்குவான், டைபாய்டு, திடீரென்று துவண்டுபோகும் கை கால். அஞ்சலட்டைக்குப் பதில் கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி. நோய், வயது, ஊர், தடுப்பூசி போட்டதா இல்லையா என்ற நான்கு விவரம். ஒவ்வொரு மாதமும் ஒரு பக்கத்தில் மாவட்டத்தின் நிலை, செய்தி அனுப்பிய ஒவ்வொரு மருத்துவருக்கும் திரும்ப வர வேண்டும். அதே பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். வரும் பூச்சொரிதலுக்கு முன் முதல் பக்கம் வெளிவருமானால், திருவிழாக் கூட்டத்தில் எந்த ஒன்றியத்துப் பிள்ளைகளுக்கு ஊசி விடுபட்டிருக்கிறது என்று சுகாதார ஊழியர்கள் தெரிந்துகொண்டே முகாம் போடலாம்.